7. கதவின் வெளித்தகடு பிரிந்தால்

பழைய கார் வாங்கப் போகிறவர் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்பார். டயர் தேய்மானத்தைக் குனிந்து பார்ப்பார். கதவு என்றால் ஒருமுறை திறந்து மூடுவார், அவ்வளவுதான். கதவின் கீழ் ஓரத்தில் விரல் வைத்துத் தடவிப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஐந்து, பத்து மழைக்காலம் பார்த்த காரில் கதை எழுதப்பட்டிருக்கும் இடம் அந்த ஓரம்தான். வெளித்தகடு உள்சட்டத்தைவிட்டு விலகத் தொடங்கினால் முதலில் அங்கே ஒரு நூல் இழை அளவு இடைவெளி தெரியும். சிறிது காலத்தில் பெயின்ட் கொப்பளிக்கும். கதவை மூடும்போது ‘தப்’ என்று கேட்க வேண்டிய சத்தம் ‘டப்பா’ சத்தமாக மாறும்.

இந்தப் பழுதைச் சரிசெய்ய முடியும். பசை, கிளாம்ப், பொறுமை மூன்றும் இருந்தால் பல நேரங்களில் வெல்டிங் கூடத் தேவைப்படாது. ஆனால் இந்த அத்தியாயம் முழுவதும் ஒரே விதியை வலியுறுத்துகிறது: தகட்டைப் பிரித்தது எது என்று தெரியாமல் ஒட்டாதீர்கள். காரணத்தை உள்ளே விட்டுவிட்டு மேலே ஒட்டினால், அடுத்த வடகிழக்குப் பருவமழை அந்த ஒட்டைப் பிரித்துவிடும்.

கதவுக்குள் என்ன இருக்கிறது

கார்க் கதவு ஒரே தகடு அல்ல. வெளியே நாம் பார்ப்பது வெளித்தகடு. பட்டறைகளில் ‘டோர் ஸ்கின்’ என்பார்கள். பெரும்பாலான கார்களில் இதன் கனம் 0.7 மி.மீ. அளவில்தான் இருக்கும். உள்பக்கம் இருப்பது உள்தகடு. கீல், பூட்டு, கண்ணாடி ரெகுலேட்டர் எல்லாம் இதில்தான் மாட்டப்பட்டிருக்கும். இரண்டுக்கும் நடுவே குறுக்காக ஒரு கம்பியோ குழாயோ ஓடும். பக்கவாட்டில் வேறு வண்டி மோதினால் உள்ளே இருப்பவரைக் காக்கும் உறுதிக்கம்பி அது.

வெளித்தகட்டின் ஓரத்தை உள்தகட்டின் ஓரத்தின்மேல் முழுவதுமாக மடித்து அழுத்திவிடுவார்கள். தையற்காரர் பாவாடையின் ஓரத்தை உள்ளே மடிப்பது போன்ற வேலை இது. நூலுக்குப் பதிலாக இங்கே இருப்பது எபாக்ஸி பசை. தொழிற்சாலையில் மடிப்புக்குள் பசையைப் போட்டு மூடுவார்கள். முதல் பெயின்ட் பூச்சு உலையில் 170, 180 டிகிரி வெப்பத்தில் சுடப்படும்போது இந்தப் பசையும் சேர்ந்து இறுகும். தகடுகள் நகராமல் பிடிப்பது, மடிப்புக்குள் தண்ணீர் புகாமல் தடுப்பது என்ற இரண்டு வேலையையும் பசை செய்கிறது.

நடுப்பகுதிக்கு வேறு ஏற்பாடு உண்டு. உறுதிக்கம்பிக்கும் வெளித்தகட்டுக்கும் இடையே சில மி.மீ. இடைவெளி விட்டு, ரப்பர் போன்ற மென்மையான பசையைத் துண்டு துண்டாக வைத்திருப்பார்கள். அகலமான மெல்லிய தகடு வேகத்தில் படபடக்காமல் பிடித்துக்கொள்வது இதன் வேலை. ஓரத்துப் பசை இறுக்கமானது, நடுப்பசை இளக்கமானது. இந்த வேறுபாட்டை நினைவில் வையுங்கள். பின்னால் எந்தப் பசையை எங்கே போடுவது என்பதை இதுதான் தீர்மானிக்கும்.

பிரிவது ஏன்

முதல் காரணம் தண்ணீர். கண்ணாடி இறங்கும் இடத்தில் உள்ள ரப்பர் பீடிங் எவ்வளவு நன்றாக இருந்தாலும் மழைநீர் கதவுக்குள் போகத்தான் செய்யும். அப்படிப் போகும் என்று தெரிந்தேதான் கதவின் அடியில் வடிகால் துளைகள் வைத்திருக்கிறார்கள். வேப்பஞ்சருகும் புழுதியும் சேர்ந்து அந்தத் துளைகளை அடைத்துவிட்டால், தண்ணீர் கீழ் மடிப்பின்மேல் நாள்கணக்கில் தேங்கி நிற்கும். பசையில் சிறு விரிசல் இருந்தாலும் போதும், ஈரம் உள்ளே இறங்கும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். மடிப்புக்குள் துரு வளர வளர அதுவே ஆப்புபோல் நின்று இரண்டு தகட்டையும் விலக்குகிறது. நாம் பார்க்கும் ‘பிரிவு’ பல கார்களில் இப்படி உருவானதுதான்.

கடற்கரை ஊர்களில் ஓடிய கார் என்றால் உப்புக்காற்று இதை விரைவுபடுத்தியிருக்கும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி, இராமநாதபுரம் பதிவு எண் கொண்ட வண்டிகளில் கீழ் மடிப்பைக் கட்டாயம் பாருங்கள். 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையிலும் சென்னையில் நீருக்குள் நின்ற கார்கள் பல. இப்படி மூழ்கிய வண்டியின் கதவுக்குள் மெல்லிய வண்டல் படிந்திருக்கும். வண்டல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் அடி. வேறு வண்டியின் பம்பர் உரசியதாகவோ, கதவு சுவரில் மோதியதாகவோ இருக்கலாம். பள்ளத்தை வெளியே இழுத்து எடுத்தவர் உள்ளே பசை விட்டுப்போனதைக் கவனிக்காமல் பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருப்பார்.

மூன்றாவது வெயில். அடர் நிறக் கதவு சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத அளவு சுடும். மழை பெய்தால் சட்டென்று குளிரும். ஆண்டுக்கணக்கில் விரிந்து சுருங்கியதில் நடுப்பசை காய்ந்து, தகட்டைவிட்டு உதிர்ந்துவிடும். இந்த வகையில் துரு இருக்காது. சரிசெய்ய எளிதானதும் இதுதான்.

தட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தல்

பகல் வெளிச்சத்தில் காரை நிறுத்துங்கள். விரல் மடக்கிக் கதவை மேலிருந்து கீழாக, ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். பசை பிடித்திருக்கும் இடத்தில் சத்தம் அடங்கிக் கேட்கும், விட்ட இடத்தில் அதிர்ந்து கேட்கும். மறுபக்கக் கதவிலும் அதே இடங்களைத் தட்டி ஒப்பிடுங்கள். சத்தம் மாறும் இடங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்ளுங்கள்.

பிறகு உள்ளங்கையால் நடுப்பகுதியை மெதுவாக அழுத்துங்கள். தகடு ‘டொக்’ என்று உள்ளே போய் வெளியே வந்தால் நடுப்பசை போய்விட்டது. கதவைத் திறந்து ஓர மடிப்பைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பிடித்து அசைத்துப் பாருங்கள். கீச்சென்ற சத்தமோ அசைவோ இருந்தால் மடிப்புப் பசை விட்டிருக்கிறது. கடைசியாகக் கீழ் ஓரத்தைக் கைபேசி டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். கொப்பளம், பழுப்புக் கோடு, சொட்டிய தடம் எல்லாம் துருவின் அடையாளங்கள்.

பட்டி ஒளிந்திருக்கிறதா என்று பார்க்கச் சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றித் தகட்டின்மேல் நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பட்டி கனமாக இருக்கிறது. பெயின்ட் கனம் அளக்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் நல்லது. தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் வரை காட்டும். ஆயிரத்தைத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எதை நாமே செய்யலாம், எதை விட்டுவிட வேண்டும்

நடுப்பசை மட்டும் போயிருந்தால் வீட்டு வாசலிலேயே செய்யலாம். மடிப்பு ஒரு சாண் நீளத்துக்குள் விட்டு, துரு மேலோட்டமாக மட்டும் இருந்தால், கைப்பழக்கம் உள்ளவர் செய்யலாம். மடிப்பு இரண்டு பக்கம் விட்டிருந்தாலோ தகட்டில் ஓட்டை விழுந்திருந்தாலோ டிங்கரிங் பட்டறைக்குப் போவதே சரி.

உறுதிக்கம்பி வளைந்திருந்தால் எந்த வேலையும் வேண்டாம், கதவையே மாற்றுங்கள். அந்தக் கம்பி மிக உயர் வலிமை எஃகால் ஆனது. சூடுபடுத்தி நிமிர்த்தினால் வலிமை போய்விடும், வெளியே பார்த்தால் தெரியாது. இந்தியாவில் 2017 அக்டோபர் முதல் புதிய மாடல்களுக்கும், 2019 அக்டோபர் முதல் விற்பனையில் இருந்த எல்லா மாடல்களுக்கும் பக்கவாட்டு மோதல் சோதனை கட்டாயமானது. அந்தச் சோதனையில் கதவுக்கும் பங்கு உண்டு. சில கார்களில் பக்க ஏர்பேக்கை இயக்கும் அழுத்த உணரி முன்கதவுக்குள்ளேயே இருக்கும். தகடு உள்ளே தள்ளப்படும்போது கதவுக்குள் காற்றழுத்தம் ஏறுவதை வைத்துத்தான் அது மோதலை உணர்கிறது. கதவில் தேவையற்ற துளை போடுவது, உள்ளே ஒட்டியிருக்கும் தாளைக் கிழித்தெறிவது போன்றவை அந்த உணரியின் கணக்கைக் கெடுக்கும்.

முழுக் கதவு தேவைப்பட்டால் சென்னை புதுப்பேட்டை போன்ற பழைய உதிரிபாகச் சந்தைகளில் கிடைக்கும். அங்கேயும் மேலே சொன்ன தட்டும் சோதனையைச் செய்யுங்கள். கீழ் மடிப்பைப் பாருங்கள், பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

பழுது விபத்தால் வந்ததென்றால் காப்பீட்டில் கேட்கலாம். துருவால் வந்ததென்றால் தேய்மானம் என்று கழித்துவிடுவார்கள். விபத்துக் கோரிக்கையிலும் 5 முதல் 10 ஆண்டு வயதான காரின் உலோகப் பாகத்துக்கு 40 சதவீதமும் அதற்கு மேற்பட்டதற்கு 50 சதவீதமும் தேய்மானம் பிடிப்பது வழக்கமான பாலிசி விதி. கதவை மாற்றுவதா, பழுதுபார்ப்பதா என்று கணக்குப் போடும்போது இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வேண்டிய சாமான்கள்

மடிப்புக்கு: உலோகத் தகடு ஒட்டுவதற்கென்று விற்கும் இருகூறு எபாக்ஸி பசை. ‘பேனல் பாண்ட்’ என்று கேளுங்கள். பிளம்பிங் கடையில் விற்கும் எபாக்ஸிக் கட்டி இதற்கு உதவாது.

நடுப்பகுதிக்கு: கார்க் கண்ணாடியும் பாடியும் ஒட்டப் பயன்படும் பாலியூரித்தேன் அல்லது எம்.எஸ். பாலிமர் சீலன்ட். புளித்த காடி வாசம் அடிக்கும் சிலிக்கான் வேண்டாம். அதிலிருந்து வரும் அசிட்டிக் அமிலம் இரும்பை அரிக்கும். சிலிக்கான் தொட்ட இடத்தில் பெயின்டும் பிடிக்காது. விரியும் நுரையும் வேண்டாம். அது தகட்டை வெளியே தள்ளும், தண்ணீரையும் தேக்கும்.

மற்றவை: 80 நம்பர் எமரி தாள், ஹேக்ஸா பிளேடு, மெல்லிய தட்டையான உளி, சிறு சுத்தியல், டாலி, வாய்க்குத் துணி சுற்றிய சி கிளாம்ப் அல்லது பிடிக்கும் பிளையர், துடைக்க ஐசோபுரோபைல் ஆல்கஹால் அல்லது பெயின்ட் கடையில் கிடைக்கும் கிரீஸ் நீக்கி, சீம் சீலர், எபாக்ஸி பிரைமர், உட்பூச்சு மெழுகு, பியூட்டைல் டேப். கைக்கு நைட்ரைல் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி, முகத்துக்கு வடிகட்டியுள்ள முகமூடி. கதவுக்குள் தகட்டின் வெட்டு ஓரங்கள் கத்திபோல் இருக்கும். முழங்கை வரை மூடிய சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

கதவைத் திறந்து உள்ளே போதல்

முதலில் கண்ணாடியை முழுவதும் மேலே ஏற்றுங்கள். பிறகுதான் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்ற வேண்டும். வரிசை மாறினால் பவர் விண்டோ பாதியில் நின்று உங்கள் கைக்கு வழிவிடாது. ஏர்பேக் உள்ள கார் என்றால் பேட்டரி கழற்றிய பின் எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்று காரின் கையேடு சொல்லும். அந்த நேரம் முடியாமல் கனெக்டரைத் தொடாதீர்கள்.

டோர் பேடில் கைப்பிடிக்குப் பின்னால், ஸ்விட்ச் பலகைக்கு அடியில், ஓரத்து மூடிகளுக்குள் ஸ்க்ரூக்கள் இருக்கும். அவற்றையெல்லாம் கழற்றிய பின் கீழ் ஓரத்திலிருந்து பிளாஸ்டிக் நெம்புகோலால் கிளிப்புகளை ஒவ்வொன்றாக விடுவியுங்கள். கிளிப் இருக்கும் இடத்துக்கு நெருக்கமாக நெம்பினால் பேட் உடையாது. பழைய கிளிப்புகள் சில உடையத்தான் செய்யும். வேலை தொடங்கும் முன்பே புதிதாகச் சில வாங்கி வையுங்கள்.

பேடுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் தாள் கறுப்புப் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். பல பட்டறைகளில் இதை அலட்சியமாகக் கிழித்துவிடுகிறார்கள். கதவுக்குள் வரும் மழைநீரைக் காரின் தரைக்கு வராமல் தடுப்பது இந்தத் தாள்தான். பிளேடால் பசையை மட்டும் அறுத்து, தாளை முழுசாக எடுத்து நிழலில் வையுங்கள்.

உள்ளே கை விட்டு, வடிகால் துளைகளை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியால் குத்தித் திறந்துவிடுங்கள். தேங்கிய மண்ணைப் பிரஷால் வழித்து எடுங்கள். தண்ணீர் விட்டு அலசி, ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள். வேலையில் பாதி இந்தச் சுத்தத்திலேயே முடிந்துவிடுகிறது.

நடுப்பகுதியை மறுபடி பிடிக்கவைத்தல்

உறுதிக்கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே காய்ந்து நிற்கும் பழைய பசையைத் தேடுங்கள். விரலால் அழுத்தினால் உதிர்ந்துவிடுவதை எல்லாம் சுரண்டி எடுங்கள். கம்பியிலேயே உறுதியாக ஒட்டியிருப்பதை விட்டுவிடலாம். தகட்டின் உள்முகத்தை எமரியால் லேசாகத் தேய்த்து, ஆல்கஹால் நனைத்த துணியால் துடையுங்கள். பளபளவென்று இரும்பு தெரியும்வரை தேய்க்கத் தேவையில்லை. உள்ளே இருக்கும் தொழிற்சாலைப் பூச்சைக் காப்பாற்றுவதே நல்லது.

சீலன்ட் குழாயின் நுனிக்கு நீளமான நாசில் போட்டு, கம்பிக்கும் தகட்டுக்கும் இடையே கட்டைவிரல் நுனி அளவில், ஒன்றுக்கொன்று 10 செ.மீ. தள்ளி வைத்துக்கொண்டே போங்கள். இரண்டு பக்கத்தையும் அது தொட வேண்டும். அதற்கு மேல் திணிக்க வேண்டாம். அதிகமாகப் போட்டால் அது இறுகிச் சுருங்கும்போது தகட்டை உள்ளே இழுக்கும். வெயிலில் சாய்ந்து பார்த்தால் ஒவ்வொரு பசைத் துண்டும் வெளியே குழியாகத் தெரியும். இறுகும் எபாக்ஸியை நடுவில் போட்டாலும் இதே கதிதான். அதனால்தான் இங்கே இளகிய சீலன்ட் கேட்கிறோம்.

ஒட்டும்போது வெளியிலிருந்து தகட்டை அழுத்தாதீர்கள், கட்டை வைத்து முட்டுக் கொடுக்காதீர்கள். தகடு தன் இயல்பான வளைவில் நிற்கும்போதே பசை அதைப் பிடிக்கட்டும். முழுதும் இறுக ஒரு நாள் விடுங்கள். இந்த சீலன்ட்கள் காற்றின் ஈரத்தால் இறுகுபவை. ஈரமான கடற்கரை ஊரில் சீக்கிரம் இறுகும், உலர்ந்த ஊரில் தாமதமாகும்.

ஓர மடிப்பை ஒட்டுதல்

முக்கியமான வேலை இது. கதவை மூடி, சுற்றிலும் உள்ள இடைவெளியை முதலில் பாருங்கள். பின் ஓரத்தைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் கீல் தேய்ந்திருக்கிறது, அதை முதலில் சரிசெய்யுங்கள். தொங்கும் கதவில் தகட்டை ஒட்டினால் தகடு அந்தத் தொங்கலிலேயே உறைந்துவிடும். வெளித்தகட்டின் ஓரம் உள்தகட்டில் எங்கே வருகிறது என்பதைப் பென்சிலால் சில இடங்களில் குறித்துக்கொள்ளுங்கள்.

விட்ட நீளத்தில் மட்டும், தட்டையான உளியால் மடிப்பைக் கொஞ்சம் திறந்துகொள்ளுங்கள். பிளேடும் எமரியும் போய்வரும் அளவு திறந்தால் போதும். முழுவதும் நிமிர்த்தினால் பழைய தகடு மடிப்புக் கோட்டிலேயே வெடிக்கும். பழைய பசையையும் துருவையும் ஹேக்ஸா பிளேடால் சுரண்டுங்கள். எமரியை மடித்து உள்ளே விட்டு, இரண்டு முகத்திலும் வெள்ளை இரும்பு தெரியும்வரை தேய்த்து, காற்றடித்துத் தூசியை ஊதி, துடைத்துக் காயவிடுங்கள்.

துருவை மாற்றும் திரவம் இருக்கிறதே, அதை ஊற்றி அதன்மேல் ஒட்டலாமே என்று பலருக்குத் தோன்றும். ஒட்டும் முகத்தில் அது வேண்டாம். பசை அந்தப் படலத்தில்தான் பிடிக்கும். படலம் உரியும்போது பசையும் சேர்ந்து உரியும். எவ்வளவு சுரண்டியும் மடிப்புக்குள் பழுப்பு தீரவில்லை என்றால் அங்கே ஒட்ட வேண்டாம். தகட்டை மாற்ற வேண்டிய கட்டம் அது.

இப்போது பசை இல்லாமலேயே ஒருமுறை எல்லாவற்றையும் செய்து பாருங்கள். கிளாம்ப் எங்கே வரும், கதவு மூடுகிறதா, பக்கத்துப் பேனலோடு மட்டம் சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பசை இறுகிய பின் கதவின் முறுக்கத்தைத் திருத்த வழியில்லை.

பசைக் குழாயில் முதலில் வருவதை ஒரு அட்டையில் பிழிந்து எறியுங்கள். இரண்டு கூறும் சமமாக வந்து ஒரே நிறமான பிறகு கலக்கும் நாசிலை மாட்டுங்கள். அதிலும் முதல் சில செ.மீ. கழிவுதான். இரண்டு முகத்திலும் மெல்லிய பூச்சாகத் தடவி, நடுவே ஒரு கோடு போடுங்கள். மடிப்பைக் கையால் சேர்த்த பிறகு மறுபடி திறந்து பார்க்காதீர்கள், உள்ளே காற்று புகும்.

வெளிப்பக்கத்தில் டேப் ஒட்டிய டாலியை அணைத்துப் பிடித்து, உள்பக்க மடிப்பைச் சுத்தியலால் மெல்லத் தட்டி மூடுங்கள். ஒரே இடத்தில் முழுதும் மூடாமல், நீளம் முழுக்க மூன்று சுற்றாகக் கொஞ்சம் கொஞ்சமாக மூட வேண்டும். டாலி விலகினால் வெளியே பருப்போல் புடைக்கும். பிறகு 8, 10 செ.மீ.க்கு ஒரு கிளாம்ப். பசை கொஞ்சம் பிதுங்கும் அளவு இறுக்கினால் போதும். பலம் கொண்ட மட்டும் இறுக்கினால் பசையெல்லாம் வெளியேறி இரும்பும் இரும்பும் தொடும், பிடிப்பதற்கு அங்கே ஒன்றும் மிஞ்சாது. பிதுங்கியதை ஈரமாக இருக்கும்போதே துடையுங்கள்.

பசை அட்டையில் உள்ள நேரங்கள் பெரும்பாலும் 23 டிகிரி வெப்பத்துக்குக் கணக்கிட்டவை. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி ஏறும்போதும் பசை ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகமாக இறுகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். மதுரையில் மே மாத நண்பகலில் செய்தால் கையில் பாதி நேரம்கூட இருக்காது. காலையில், நிழலில் செய்யுங்கள். ஊட்டியில் மார்கழிக் குளிரில் செய்பவருக்கு எதிர்ப்பிரச்சினை. ஹீட் கன்னால் தூரத்திலிருந்து இதமாகச் சூடு காட்ட வேண்டும். எங்கேயானாலும் ஒரு முழு நாள் கழியும்வரை கதவை அறைந்து மூடாதீர்கள்.

தகட்டையே மாற்றுவதானால்

இது பட்டறை வேலை. ஆனாலும் எப்படிச் செய்ய வேண்டும் என்று தெரிந்திருந்தால் சரியாகச் செய்கிறார்களா என்று கவனிக்கலாம். கதவைக் கழற்றி ஸ்டாண்டில் வைத்து, மடிப்பின் வெளி விளிம்பைக் கிரைண்டரால் தேய்ப்பார்கள். விளிம்பு அறுந்ததும் தகடு தனியாக வரும். உள்தகட்டைத் தொடாமல் நிறுத்துவதில்தான் கைத்திறன் இருக்கிறது. கண்ணாடி ஓரத்தில் ஸ்பாட் வெல்டிங் இருந்தால் துளையிட்டுப் பிரிப்பார்கள். உள்தகட்டின் விளிம்பை நேராக்கி, துரு நீக்கி, புதுத் தகட்டைக் காரிலேயே பொருத்திப் பார்த்த பிறகுதான் பசை போட வேண்டும். கம்பெனி எங்கே ஸ்பாட் வெல்டிங் செய்திருந்ததோ அங்கே மறுபடி செய்ய வேண்டும். மற்ற ஓரங்களைப் பசையும் மடிப்பும் பார்த்துக்கொள்ளும்.

ஓரம் முழுக்க வெல்டிங் அடித்தால் உறுதியாக இருக்குமே என்று பட்டறையில் சொல்வார்கள். 0.7 மி.மீ. தகடு அந்தச் சூட்டில் நெளியும். நெளிவை மறைக்கப் பட்டி ஏறும். பற்றவைத்த இடத்தைச் சுற்றித் துத்தநாகப் பூச்சும் எரிந்துபோகும். அடுத்த துரு அங்கேதான் பிறக்கும். ஸ்க்ரூ, ரிவெட் போட்டுப் பிடிப்பதும் வேண்டாம். ஒவ்வொரு துளையும் தண்ணீருக்குத் திறந்த வாசல்.

மூடி முடித்தல்

பசை இறுகிய பின் மடிப்பின் உள் விளிம்பு நெடுகச் சீம் சீலர் போடுங்கள். வடிகால் துளைகளை அது மூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறும் இரும்பு தெரியும் இடமெல்லாம் எபாக்ஸி பிரைமர், அதன்மேல் பெயின்ட். இருகூறுப் பெயின்டின் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும். சாதாரணத் துணி முகமூடி அதற்குப் போதாது. பெயின்ட் முழுதும் காய்ந்த பிறகே உள்ளே மெழுகு அடிக்க வேண்டும். முன்னதாக அடித்தால் மெழுகு பட்ட இடத்தில் பெயின்ட் நிற்காது. மெழுகுக் குழலைக் கதவுக்குள் விட்டுக் கீழ் மடிப்பு முழுக்க நனையும்படி அடித்து, வடிகால் துளைகளை மறுபடி குத்தித் திறந்துவிடுங்கள்.

பழைய கறுப்புப் பசை காய்ந்திருந்தால் புது பியூட்டைல் டேப்பால் உள் தாளை ஒட்டுங்கள். பேடை மாட்டும் முன் பேட்டரியைச் சேர்த்து, பூட்டு, கைப்பிடி, கண்ணாடி எல்லாவற்றையும் இயக்கிப் பாருங்கள். சில கார்களில் பவர் விண்டோவின் தானியங்கி ஏற்றத்தை மறுபடி பழக்க வேண்டியிருக்கும், கையேட்டைப் பாருங்கள். ஏர்பேக் விளக்கு எரிந்தபடியே இருந்தால் வண்டியை எடுக்காமல் கனெக்டர்களைச் சரிபாருங்கள்.

பட்டறையிலிருந்து வண்டியை எடுக்கும் முன்

வேலையைப் பட்டறையில் கொடுப்பவர்கள், கொடுக்கும்போதே நான்கு கேள்விகள் கேளுங்கள். மடிப்புக்கு எந்தப் பசை போடப் போகிறீர்கள்? துருவை எதுவரை எடுப்பீர்கள்? பட்டி பார்ப்பதற்கு முன் எனக்கு ஒருமுறை காட்டுவீர்களா? முடிந்த பின் உள்ளே மெழுகு அடிப்பீர்களா? இந்த நான்குக்கும் தெளிவாகப் பதில் சொல்கிற டிங்கர் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் அவரிடமே கொடுங்கள். பட்டிக்கு முன் எடுத்த படம் ஒன்றைக் கைபேசியில் வைத்திருந்தால், பின்னாளில் வண்டியை விற்கும்போது வாங்குபவரிடம் நேர்மையாகக் காட்டவும் உதவும்.

வேலை முடிந்ததும் கண்ணாடி ஓரத்தில் ஒரு வாளித் தண்ணீரை மெதுவாக ஊற்றுங்கள். எல்லாத் துளைகளிலிருந்தும் தண்ணீர் தடையின்றிச் சொட்ட வேண்டும். காருக்குள் தரைவிரிப்பு உலர்ந்திருக்க வேண்டும். பிறகு முதலில் செய்ததுபோலவே கதவை முழுக்கத் தட்டிப் பாருங்கள். டேப் ஒட்டிக் குறித்த இடங்களில் இப்போது சத்தம் அடங்கியிருந்தால் ஒட்டு பிடித்திருக்கிறது. அதன் பிறகு ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்கும் முன் வடிகால் துளைகளைச் சுத்தம் செய்துவிடுங்கள். நான்கு கதவுக்கும் சேர்த்து ஐந்து நிமிட வேலை. அதைத் தவறாமல் செய்தால், பிரித்து ஒட்டிய கதவும் மற்ற மூன்று கதவுகளும் காரின் ஆயுள் முழுக்கத் தாங்கும்.